எண் மட்டும் ஒட்டிய ஆறு மெட்டுகள்

பிப்ரவரி 9

அன்புள்ள டமாரத் தம்பிக்கு,

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. உன் பாட்டை மாத்திரை தின்றுவிட்டதா, அல்லது நோய் காலி செய்துகொண்டு போகும்போது தன் சாமானோடு அதையும் தூக்கிப் போய்விட்டதா? நான் தண்ணீர் சோதிக்கிறவள். உன் மாத்திரையில் இருக்கிற லித்தியம் எனக்கு அறிக்கையில் ஒரு வரி. முழுப் பட்டியல் கேட்பவர்களுக்கு மட்டும் அந்த வரியை நிரப்புவோம், அநேகமாக 'கண்டறியப்படவில்லை' என்று. அதே உப்பு உன் மண்டைக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்டால், படித்ததைத்தான் சொல்ல முடியும். சிலர் ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். சிலர் இப்போதுதான் உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறது என்கிறார்கள். சிலர் நீ சொல்வதையே சொல்கிறார்கள். நீ இவர்களில் யார் என்பது எந்தக் கட்டுரையிலும் இல்லை.

போன் வேண்டாம், கடிதமே எழுதுவோம் என்றாய். சரி. "நான் சொல்றத நீ கேக்கல அக்கா, எவ்ளோ வேகமா சொல்றேன்னுதான் கேக்கற." உண்மைதான். பதினான்கு மாதத்துக்கு முன்னால், பதினொரு நாள் தூங்காமல், நாற்சந்தியின் நடுவில் நின்று ஹாரன்களுக்கெல்லாம் கைகாட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வேன் டிரைவர் பிரேக் போட்டார். போடாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு முகவரி இல்லை.

நாடகக்காரர் இருபத்தைந்து நிமிஷ இசை கேட்கிறார், மே மாதத்துக்குள் சரி என்றோ முடியாது என்றோ சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்குள் ஒன்று செய்து பார்க்கலாம். எங்கள் பரிசோதனைக்கூடத்தில் ருசிக்குழு என்று ஒன்று உண்டு. தம்ளரில் எண் மட்டும் ஒட்டியிருக்கும். எந்தக் கிணறு, எந்தக் குழாய் என்று குடிப்பவருக்குத் தெரியாது. மாத்திரைக்கு முன் போட்ட மூன்று மெட்டு, பின் போட்ட மூன்று மெட்டு, நான் கேட்டிராதவையாக அனுப்பு. எது எது என்பதை ஒட்டிய உறைக்குள் வை. மூன்று பேர் கேட்டு மதிப்பெண் போடுகிறோம். அழுவதைவிட இது உருப்படியான காரியம்.

முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தான் உன்னை விசாரித்தார். தண்ணீர் நிறையக் குடி. உன் எடை எவ்வளவு என்று எழுது.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். நலம் என்று எழுத இப்போதெல்லாம் யோசிக்கவே வேண்டியதில்லை, பேனா தானாக எழுதிவிடுகிறது. முட்டிக்கு எண்ணெய் போடு.

நான் அழவில்லை. அழுதால் டாக்டரிடம் சொல்ல ஒரு செய்தியாவது இருக்கும்.

ஸ்டூடியோ வேலை ஒழுங்காக நடக்கிறது. ஜன்னல் இல்லாத அறை, உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான நாற்காலி. பாடுகிறவர்கள் பாடிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் குரல் திரையில் பச்சைப் புழுவாக நெளியும். சுருதி விலகிய இடத்தைப் பிடித்துக் கோட்டுக்கு இழுப்பது என் வேலை. நேற்று ஒரு பாடகி ஒரே வார்த்தையில் நாலு இடத்தில் சரிந்திருந்தார். நாலையும் தூக்கி நிறுத்தினேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னங்க, முன்னெல்லாம் நீங்க வந்தா எதுத்த கடைக்காரன் சண்டைக்கு வருவான். இப்ப ஏசி சத்தம்தான் கேக்குது" என்றார். பாராட்டா, இரங்கலா தெரியவில்லை. சிரித்து வைத்தேன்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். காது கெட்டுப் போகவில்லை. தப்பு உடனே தெரிகிறது. முன்பு ஒரு ஸ்வரத்தைத் தொட்டால் அடுத்தது பின்னால் நின்று முதுகைத் தள்ளும், அதற்கடுத்தது அதைத் தள்ளும். பல் விளக்கும்போதே பாதிப் பல்லவி வந்து நிற்கும். இப்போது ஒரு ஸ்வரத்தைத் தொட்டால் அது அப்படியே இருக்கிறது. யாரும் வரவில்லை. கூப்பிட்டால் வருவார்களோ என்று கூப்பிட்டும் பார்த்தேன். இலக்கணப்படி சரியான ஸ்வரம் ஒன்று வந்து, அடையாள அட்டை காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது.

கை லேசாக நடுங்குகிறது. டீ தம்ளர் தட்டில் தாளம் போடுகிறது. இந்த வீட்டில் இப்போது இசையமைப்பது அது ஒன்றுதான்.

ஆறு மெட்டையும் ஒரு மெமரி கார்டில் போட்டிருக்கிறேன். உறை தனி. வித்தியாசம் இல்லை என்று வந்தால் இதைப்பற்றி இனி வாய் திறக்க மாட்டேன். வித்தியாசம் இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வேன் என்பதை இப்போது சொல்ல மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பி,

கார்டும் உறையும் பத்திரமாக வந்தன. உன் எடை எவ்வளவு என்று எழுதச் சொன்னேன், எழுதவில்லை.

ருசிக்குழு கூடியது. நான், அத்தான், எங்கள் கூடத்தில் மாதிரி பாட்டில்களை வாங்கி வைக்கும் மேஜையில் இருக்கிற பெண். அவளுக்குச் சங்கீதம் தெரியாது என்பதால்தான் கூப்பிட்டேன். சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு பென்சில். ஒரு மெட்டுக்கு ஒருவர் ஐந்து மதிப்பெண் வரை போடலாம். ஒரு மெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இரண்டு நிமிஷ இடைவெளி. பேசக் கூடாது என்பது விதி. அந்தப் பெண் இரண்டாவது மெட்டிலேயே விதியை உடைத்துவிட்டாள். "அக்கா, இத கேட்டா எனக்கு பேங்க்ல டோக்கன் எடுத்துட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

"மேடம், தாள்ல எழுதுங்க" என்றார் அத்தான். ஐந்தாவது மெட்டில் அவர் கண்ணை மூடியிருந்தார். ரசிப்பா, தூக்கமா என்று கேட்டேன். "ரெண்டுக்கும் நடுவுல" என்றார். தூக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லி மெட்டை மறுபடி போட்டேன்.

தாள்களை வாங்கி வைத்திருக்கிறேன். உறையைப் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரித்துக் கூட்டிப் பார்த்து எழுதுகிறேன். அதுவரை ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் செய்தி வந்திருக்கும். எடை எழுபத்தெட்டு. ஒன்பது கிலோ கூடுதல்.

ஞாயிற்றுக்கிழமைகள் மூன்று வந்து போய்விட்டன. பதினெட்டு எண்களைக் கூட்டுவதற்கு நீ இத்தனை நாள் எடுத்துக்கொண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் என் கணக்கையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தவள் நீ.

நாடகக்காரர் வந்திருந்தார். நாற்காலியில் உட்காராமல் கீபோர்டு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "அவசரமே இல்ல சார். ஆனா மே மாசம் தாண்டினா நான் வேற ஆளப் பாக்கணும்" என்றார். அவசரமே இல்லை என்பதற்கு அவர் அகராதியில் அதுதான் பொருள்.

எழுது.

தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பி,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை மூச்சு விடாமல் இருந்தது. மேற்குப் பக்கக் குழாய்களில் கலங்கல் என்று புகார் மேல் புகார். ஒரு நாளைக்கு அறுபது பாட்டில். குளிர்பதனப் பெட்டி வேறு மக்கர் செய்தது. மாடிக் கூரையில் ஒழுகல், அத்தான் வாளி வைத்திருக்கிறார். முட்டிக்கு டாக்டர் படி ஏறாதே என்கிறார், கூடம் இருப்பதோ மூன்றாவது மாடியில்.

உறையைப் பிரித்துப் பார்த்தேன். சொல்லும்படியான வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஆகவே மாத்திரையைக் குறை சொல்ல ஆதாரம் இல்லை. தொடர்ந்து போட்டுக்கொள். ரத்தப் பரிசோதனை தேதியை மறந்துவிடாதே. உப்பைத் திடீரென்று குறைக்காதே, கூட்டாதே. வெயிலில் அலையாதே.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

கூரை ஒழுகல் நின்றதா? முட்டி எப்படி?

உன் கடிதத்துக்கு நன்றி. நியாயமாகச் சோதித்திருக்கிறாய். நீ சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்காதது உன்னிடம் அதுதான்.

நாடகக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். வேறு வேலை இருக்கிறது என்றேன். அவர் போனபிறகு கீபோர்டை மடக்கி, ஸ்டூடியோ வேனில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அங்கே யாருக்காவது உதவும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. மாத்திரைதான் காரணம் என்று நினைத்திருந்தவரை நான் மாத்திரை போடுகிற இசைக்காரன். பாட்டு எங்கேயோ பூட்டிக் கிடக்கிறது, சாவி டாக்டரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். முன்பு போட்டதும் இப்போது போட்டதும் ஒன்று என்றால், முன்பு போட்டதும் ஒன்றுமில்லை என்றுதானே ஆகிறது. நன்றாக இருந்ததாக நானே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைப்பது அந்த நோய்க்குக் கை வந்த கலை.

வருத்தமாக இல்லை. சொல்லிவிட்டேன் பார், வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னவன். இதுதான் கடைசி.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி


மே 20

அன்புள்ள தம்பி,

நான் அப்படிச் சொல்லவில்லை. வித்தியாசம் இல்லை என்றால் முன்பு போட்டது ஒன்றுமில்லை என்று எப்படி ஆகும்? இரண்டும் நன்றாக இருக்கலாமே. நாடகக்காரரிடம் மறுபடி பேசு. நான் பேசட்டுமா? கீபோர்டைத் திருப்பி வாங்கிக்கொள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? தூக்கம் வருகிறதா? பசிக்கிறதா? யாரோடாவது பேசுகிறாயா?

உடனே பதில் போடு. அத்தானும் கேட்கச் சொன்னார்.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

போடுகிறேன். வருகிறது. பசிக்கிறது. பேசுகிறேன்.

நேற்று ஒரு பாடகரின் குரல் ஒரு வரி முழுக்கக் கீழே இறங்கியிருந்தது. நான் கவனிக்கவில்லை. முதலாளிதான் கவனித்தார். "டேய், என்னடா ஆச்சு உனக்கு?" என்றார். அவர் என்னை டேய் என்று கூப்பிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. பயந்து பயந்து வாங்க போங்க என்றிருந்தவர். சரிசெய்து கொடுத்தேன்.

இங்கு வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 6

அன்புள்ள தம்பி,

இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. நீ நலமில்லை. அதில் என் பங்கு இருக்கிறது.

ருசிக்குழு முடிவை உனக்குப் பொய்யாக எழுதினேன். நான் எழுதிய அறிக்கைகளில் எண் இல்லாத ஒரே அறிக்கை அதுதான். எண்கள் இவை. ஒரு மெட்டுக்கு மொத்தம் பதினைந்து. பழையவை: முதலாவதுக்குப் பன்னிரண்டு, நாலாவதுக்குப் பதினைந்து, ஆறாவதுக்குப் பதின்மூன்று. புதியவை: இரண்டாவதுக்கு ஆறு, மூன்றாவதுக்கு ஏழு, ஐந்தாவதுக்கு எட்டு. மூன்று பேர் தாளிலும் பழைய மூன்றும்தான் மேலே. நாலாவது ஓடியபோது மாதிரி மேஜைப் பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். முடிந்ததும், "யாருக்கா இவரு? நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். உன்னைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

உறையைப் பிரித்த அன்று உன் பிப்ரவரிக் கடிதத்தில் வணக்கத்துக்கு முந்தின வரியை எடுத்துப் படித்தேன். வித்தியாசம் இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்ல மாட்டேன் என்றிருந்தாய். நான் அந்த நாற்சந்தியைப் பார்த்தவள். மூன்று வாரம் யோசித்தேன். பிறகு கூரை ஒழுகல், குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஒரு வரியைச் செருகினேன்.

இதைச் சொன்னபிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டும், சமாதானத்துக்காக அல்ல. சோதனையே தப்பு. பழைய மூன்றும் பத்து வருஷத்தில் நீ பொறுக்கி எடுத்தவை. புதிய மூன்றும் மாத்திரை தொடங்கிய பதினான்கு மாதத்தில் நீ முடித்த மொத்தமே. தெளிந்த குளத்தில் மொண்ட மூன்று தம்ளரையும், குழாய் திறந்ததும் வந்த முதல் மூன்று தம்ளரையும் பக்கத்தில் வைத்தேன். இதை ஒரு பயிற்சி மாணவி செய்திருந்தால் திட்டியிருப்பேன். ஆகவே மாத்திரைதான் என்று இந்த எண்களும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பழையவை நன்றாக இருந்தன என்பதை மட்டும் சொல்கின்றன. அது உன் நினைப்பு இல்லை. மூன்று பேர் தனித்தனியாக எழுதியது. தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மாத்திரையை நீயாக நிறுத்தாதே. அளவைக் குறைத்துப் பார்க்க வழி உண்டா என்று டாக்டரிடம் இதுவரை நாம் இருவருமே கேட்டதில்லை. நீ போகும் ஒவ்வொரு முறையும் 'நலம்' என்று சொல்லிவிட்டு வருகிறாய், நான் 'நலமாம்' என்று அத்தானிடம் சொல்லிவிடுகிறேன். அடுத்த தேதி என்றைக்கு? நானும் வருகிறேன்.

அக்கா


ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் தாள்களும் கிடைத்தன. அத்தான் நாலாவதுக்கு ஐந்து போட்டு, அதன்கீழ் இரண்டு கோடும் இழுத்திருக்கிறார். அவர் கல்யாணத்துக்கே இவ்வளவு உற்சாகம் காட்டவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போய்விட்டு வந்தும் உட்கார்ந்தேன். வரவில்லை. அது மாத்திரையா, நானா, அல்லது நீ செய்தது அவ்வளவு பெரிய தப்பில்லையா, தெரியவில்லை. வந்தால் எழுதுகிறேன். வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றக்கூட ஏதாவது வேண்டியிருக்கிறது.

டாக்டர் 28-ஆம் தேதி காலை. முந்தின நாளே வா. சாவி கீழ்வீட்டில் இருக்கும். படி இருபத்திரண்டு, உன் முட்டிக்காக எண்ணினேன்.

தம்பி


ஜூலை 27

அன்புள்ள தம்பி,

உன் அறையில் உட்கார்ந்து உனக்கே கடிதம் எழுதுவது விநோதமாகத்தான் இருக்கிறது. நீ ஸ்டூடியோவிலிருந்து வர ஆறரை ஆகும் என்று கீழ்வீட்டு அம்மா சொன்னார். நேரில் வந்தால் நீயும் நானும் பஸ் நேரத்தைப் பற்றித்தான் பேசுவோம். ஆகவே எழுதுகிறேன்.

அறை சுத்தமாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. சுவரோரம் கீபோர்டு நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில், நீளமாக. அதன்மேல் ஒன்றும் வைக்காமல் சுற்றிக்கொண்டு நடப்பாய் போலிருக்கிறது, ஓரத்தில் மட்டும் தடம். அலமாரியில் மாத்திரை அட்டைகள் தேதி எழுதி அடுக்கியிருக்கின்றன. ஒன்றுகூடத் தவறவில்லை, எண்ணிப் பார்த்தேன். கோபித்துக்கொள்.

கடிதங்களில் நான் எழுதாத ஒன்று உண்டு. நாலாவது மெட்டைத் தினமும் கேட்கிறேன், கூடத்துக்குப் போகும் பஸ்ஸில். மார்ச்சிலிருந்து. உன்னை மாத்திரை போடு, மாத்திரை போடு என்று எழுதிவிட்டு, நீ மாத்திரை போடாத காலத்தில் செய்ததைக் காதில் மாட்டிக்கொண்டு போகிறேன். இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

படியில் சத்தம் கேட்கிறது. நீயாகத்தான் இருக்கும்.

28, மாலை, பஸ்ஸில்.

நேற்று இதைக் கொடுக்கவில்லை. இன்று நடந்ததையும் எழுதி ஊரிலிருந்து அனுப்பிவிடுகிறேன். பாதி உனக்குத் தெரியும்.

டாக்டரம்மா வழக்கம்போல் "எப்படி இருக்கீங்க?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "நல்லா இல்ல டாக்டர். நோவும் இல்ல, நல்லாவும் இல்ல" என்றாய். அவர் பேனாவை எடுத்தார். பாட்டைப் பற்றி நீ சொல்ல ஏழு நிமிஷம் ஆயிற்று. குறுக்கே பேசாமல் கேட்டார். ரத்தம் எடுக்க உன்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

நீ இல்லாதபோது நடந்தது இது. அவர் சொன்னார்: "ரிசல்ட் சரியா இருந்தா ராத்திரி போடற ரெண்டுல ஒண்ண கொறச்சுப் பாக்கலாம். பாட்டு வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். நோய் திரும்ப வராதுன்னும் குடுக்க மாட்டேன். வந்தா மொதல்ல கவனிக்கப் போறது நீங்கதான். ஒரு நாள் இவரு புதுசா ஒரு பாட்டு போட்டு உங்களுக்கு அனுப்பறாரு, ரொம்ப நல்லா இருக்கு. என்ன பண்ணுவீங்க?"

"எத்தனை மணி நேரம் தூங்கினான்னு கேப்பேன்" என்றேன்.

"பாட்டப் பத்தி?"

நான் பையில் கிடந்த இயர்போன் வயரைச் சுற்றி வைத்தேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

நீ முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தாய். "என்னக்கா சொன்னாங்க?" என்றாய். "கொறச்சுப் பாக்கலாமாம்" என்றேன். "அவ்ளோதானா?" "அவ்ளோதான்." நீ தலையை ஆட்டினாய். பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று கிளம்பினாய். நான் எதிர்ப்பக்கம் போய் பஸ் ஏறினேன்.

அவ்வளவுதான் இல்லை. அவர் கேட்டதையும் மேலே எழுதியிருக்கிறேன்.

அக்கா